டுட்டு: பாலே பாவாடையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலே நடனத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களுக்கும் டுட்டுவைத் தெரியும். இடுப்பைச் சுற்றி நாலாபக்கமும் விறைத்து நிற்கும் அந்த நெட் பாவாடை, சாவி கொடுத்தால் சுற்றும் இசைப்பெட்டிப் பொம்மையில் தொடங்கி பிறந்தநாள் கேக் வரைக்கும் வந்துவிட்டது. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: டுட்டு முதலில் வேலைக்கான உடுப்பு, அழகு அதற்கு அப்புறம்தான். ஆடுகிறவர் காலால் என்னென்ன செய்யக் கற்றுக்கொண்டாரோ, அதைக் காட்டுவதற்காகத் துணி மேலே ஏறிக்கொண்டே போனது.

டுட்டு என்பது ஒரே வகைதானா?

இல்லை. பெரும் பிரிவு இரண்டு. ரொமான்டிக் டுட்டு கெண்டைக்கால் வரை மென்மையாகத் தொங்கும். 'ஜிசெல்' பாலேயின் இரண்டாம் அங்கத்தில் ஆவிப்பெண்கள் வரிசையாக வருவது இதை உடுத்துக்கொண்டுதான். கிளாசிக்கல் டுட்டு தொடைக்கும் மேலே, இடுப்பிலிருந்து நீட்டி நிற்கும். 'ஸ்லீப்பிங் பியூட்டி' இளவரசியின் உடை அது. இந்த இரண்டாம் வகைக்குள்ளேயே தட்டையாக நிற்பது, மணிபோலக் கவிழ்ந்து இறங்குவது, கம்பி வளையம் இல்லாமல் பஞ்சு மாதிரி உப்பி நிற்பது என்று பல உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். கிளாசிக்கல் டுட்டு தனிப் பாவாடை கிடையாது. உள்ளே ஒரு ஜட்டி, அதன்மேல் அடுக்கடுக்காக நெட், இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் பட்டை, மேலே ரவிக்கை போன்ற உடற்பகுதி. எல்லாம் சேர்ந்துதான் டுட்டு. கடையில் எலாஸ்டிக் வைத்து விற்கும் நெட் பாவாடைக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில்.

ஆரம்பத்தில் என்ன உடுத்தி ஆடினார்கள்?

பாலே பிரெஞ்சு அரசவையில் வளர்ந்த கலை. பதினான்காம் லூயி 1661-ல் நடனத்துக்கென்று ஓர் அகாதமி தொடங்கினார். அவரே நன்றாக ஆடுவார். பாரிஸ் ஓபரா அரங்கின் மேடையில் தொழில்முறைப் பெண்கள் ஆடியது 1681-லிருந்துதான். அதுவரை பெண் வேடத்தையும் முகமூடி போட்ட ஆண்களே கட்டினார்கள்.

வந்த பெண்கள் அரசவைச் சீமாட்டிகள் உடுத்துவதையே உடுத்தினார்கள். கனத்த பட்டு, இடுப்புக்கு இருபுறமும் கூடை மாதிரி வளையச் சட்டம், தரையைத் தொடும் பாவாடை, குதிகால் உயர்ந்த செருப்பு. இத்தனையையும் சுமந்துகொண்டு எப்படித் துள்ளுவது? அன்றைய ஆட்டத்தில் பெண்களுக்கு நடையும் வளைவும் கைவீச்சும்தான். தாவல் எல்லாம் ஆண்களுக்கு.

இதை உடைத்தவர்கள் இருவர், ஒரே காலத்தவர்கள். மரி கமார்கோவுக்குக் காற்றில் தாவிக் கால்களை ஒன்றோடொன்று வேகமாகப் பின்னி எடுக்கும் வித்தை கைவந்திருந்தது. ஆண்களுக்குச் சமமாக அதைச் செய்தார், ஆனால் தரைவரை துணி தொங்கினால் யார் கண்ணில் படும்? பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றினார். இன்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத சில அங்குலம், அன்றைக்கு ஊரெல்லாம் அதே பேச்சு. இன்னொருவர் மரி சாலே. 1734-ல் லண்டனில் 'பிக்மேலியன்' ஆடியபோது வளையச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மெல்லிய மஸ்லின் உடையில், கூந்தலை அவிழ்த்துவிட்டு மேடைக்கு வந்தார். ஒருவர் காலைக் காட்ட, இன்னொருவர் நடிப்பைக் காட்டத் துணியைக் குறைத்தார்கள்.

1832-ஐ ஏன் டுட்டுவின் பிறந்த ஆண்டு என்கிறார்கள்?

அந்த ஆண்டு மார்ச் 12-ம் தேதி பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' அரங்கேறியது. கதை இதுதான்: கல்யாணம் வைத்திருக்கும் ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவன் காற்றுத் தேவதை ஒருத்தியிடம் மனதைப் பறிகொடுத்து, கடைசியில் இரண்டு பேரையுமே இழக்கிறான். தேவதையாக ஆடியவர் மரி தாலியோனி. நடனம் அமைத்தவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ தாலியோனி, மகளை நாள்கணக்கில் வதைத்துப் பயிற்சி கொடுத்தவர் என்று பேர் வாங்கியவர்.

மகள் மேடையில் உடுத்தியது தோள் தெரியும் இறுக்கமான மேல்சட்டை, மணி வடிவத்தில் கெண்டைக்கால் வரை இறங்கும் வெள்ளை வலைப் பாவாடை, முதுகில் இரண்டு சின்னச் சிறகுகள். ஓவியர் யூஜீன் லாமி வடிவமைத்தது என்று சொல்வது வழக்கம். நகையில்லை, சரிகையில்லை. அந்த உடையில் அவர் கால்விரல் நுனியில் ஏறி நின்றார். நுனியில் நின்று காட்டியவர்கள் அவருக்கு முன்னாலும் இருந்தார்கள், சர்க்கஸ் வித்தைபோலத் தம் பிடித்து. தாலியோனி நின்றபோது சிரமமே தெரியவில்லை, தரையில் பட்டும் படாமலும் நகர்கிற மாதிரி இருந்தது. பாவாடை இன்னும் நான்கு அங்குலம் நீண்டிருந்தால் அவர் நுனியில் நிற்கிறார் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

விளக்குக்கும் இதில் பங்கு உண்டு. பாரிஸ் ஓபராவுக்கு 1822-ல் எரிவாயு விளக்கு வந்துவிட்டது. எண்ணெய் விளக்குகளைவிட வெளிச்சம் அதிகம், வேண்டியபோது கூட்டலாம், குறைக்கலாம். நிலவொளி மாதிரி மங்கவைத்த வெளிச்சத்தில் இந்த வெள்ளை வலைத்துணி பட்டுப்போல் மின்னாமல், புகைபோல ஒளியை வாங்கி வைத்துக்கொண்டது. அடுத்த இருபது வருடத்துக்குப் பாலே என்றாலே ஆவி, தேவதை, நீர்மகள். 1841-ல் வந்த 'ஜிசெல்' அந்த வகையில் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த நெட் துணி எங்கிருந்து வந்தது?

வலைபோன்ற லேஸ் துணியைக் கையால் பின்னிய காலத்தில் அது பணக்காரர்கள் கழுத்தில் மட்டும்தான் கிடந்தது. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் அறுகோணக் கண்ணிகளாக வலை பின்னும் இயந்திரத்துக்கு 1808, 1809-ல் காப்புரிமை வாங்கினார். அதற்கப்புறம் கெஜக்கணக்கில் நெட் கிடைத்தது. இயந்திரத்தால் பிழைப்புப் போன கோபத்தில் 1816-ல் லட்டைட்டுகள் அவருடைய லஃபரோ ஆலைக்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். மனிதர் ஊரையே காலி செய்து, தெற்கே டெவன் பகுதியில் டிவர்ட்டன் என்ற ஊருக்குப் போய்விட்டார். தொழிலாளர்களில் பலர் குடும்பத்தோடு நடந்தே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர் பெயரில் அந்த ஆலை டிவர்ட்டனில் இன்றும் ஓடுகிறது.

19-ம் நூற்றாண்டு டுட்டுக்களில் பெரும்பாலும் மஸ்லினும் டார்லட்டன் என்ற கஞ்சி போட்ட பருத்தித் துணியும்தான். நைலான் நெட் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. நம்மூர்த் தையல்காரர்கள் லெஹங்காவுக்கு அடியில் வைக்கும் கேன்கேன் இதே வம்சம்தான்.

டுட்டு தீப்பிடித்து நடனக்காரிகள் இறந்ததாகச் சொல்வது உண்மையா?

உண்மை. ஒருவர் இருவர் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று உள்ளே புகுந்து வெளியே வரும் பருத்தி வலை, அடுக்கடுக்காக. மேடை ஓரத்தில் திறந்த சுடராக எரியும் விளக்கு வரிசை. நடுவே சுழன்று ஆடும் பெண். லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1844 டிசம்பரில், நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே கிளாரா வெப்ஸ்டரின் உடை பற்றிக்கொண்டது. சில நாளில் இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் 1861-ல் உடைமாற்றும் அறையில் ஒருவர்மேல் பிடித்த தீ, காப்பாற்ற ஓடிவந்தவர்கள்மேலும் தாவியது. அதில் கேல் சகோதரிகள் உட்படப் பலர் போனார்கள்.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது எம்மா லிவ்ரியைத்தான். தாலியோனி வயதான காலத்தில் தேடிப் பிடித்த சிஷ்யை. அவருக்காகவே தாலியோனி 1860-ல் 'லெ பாப்பியோன்' என்ற பாலேயை அமைத்தார், இசை ஓஃபன்பாக். 1862 நவம்பர் 15 அன்று ஓர் இசை நாடகத்தின் ஒத்திகை. தன் முறை வரக் காத்திருந்த எம்மா, உட்கார்ந்தால் பாவாடை நசுங்கிவிடும் என்று துணியைத் தூக்கி உதறினார். அந்த வீச்சில் அருகிலிருந்த எரிவாயுச் சுடர் பற்றிக்கொண்டது. எரிந்தபடி மேடையின் குறுக்கே ஓடியவரைத் தீயணைப்பு ஆள் போர்வையால் பிடித்து அணைப்பதற்குள் உடம்பு பெரும்பாலும் வெந்துவிட்டது. எட்டு மாதம் படுக்கையில் வேதனைப்பட்டு, 1863 ஜூலை 26-ல் இறந்தபோது அவருக்கு இருபது வயது.

இதில் மனதை உறுத்தும் பகுதி வேறு. தீப்பிடிக்காத துணி அப்போதே இருந்தது. கார்ட்டரோன் என்பவர் கண்டுபிடித்த ரசாயனக் கரைசலில் மேடைத் துணிகளை முக்கி எடுக்க வேண்டும் என்று பிரான்சில் 1859-லேயே ஆணை வந்துவிட்டது. ஆனால் முக்கி எடுத்த துணி விறைத்துப்போகும், வெள்ளை மங்கிப்போகும். எம்மா அதை வேண்டாம் என்று மறுத்து, நடப்பதற்குத் தானே பொறுப்பு என்று எழுதியும் கொடுத்திருந்தார். அவரை அகம்பாவக்காரி என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்றுப்போல இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. விறைத்த, பழுப்பேறிய துணியோடு அந்த வேலையைச் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எரிந்து மிஞ்சிய அந்த உடையின் துண்டுகளைப் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது.

நீளப் பாவாடை எப்படி, எப்போது குட்டையாயிற்று?

படிப்படியாகத்தான். அதற்குக் காரணம் இத்தாலியப் பெண்கள். மிலானில் பயிற்சி பெற்றவர்களின் பாணி மென்மைக்குப் பேர் போனதில்லை, சுழற்சிக்கும் சமநிலைக்கும் பேர் போனது. முன்பக்கம் கடினமாக்கிய புதிய நுனிச் செருப்பும் அவர்களிடம் இருந்தது. 1885-ல் விர்ஜினியா சுக்கி பீட்டர்ஸ்பர்க் வந்தபோது ரஷ்ய அரச அரங்கின் நீளப் பாவாடையைப் போட மறுத்துக் குட்டையாகவே உடுத்தினார். அப்புறம் வந்த பியெரினா லெஞானி ஒற்றைக் காலில் நின்றபடி, மறுகாலைச் சாட்டைபோல வீசி, விடாமல் 32 சுற்றுச் சுற்றினார். 1893-ல் 'சிண்டரெல்லா'வில் ஒருமுறை, 1895-ல் 'ஸ்வான் லேக்'கில் மறுபடியும். அந்த 32 சுற்று இன்றைக்கும் 'ஸ்வான் லேக்' ஆடுகிறவர்களின் தலைமேல் தொங்குகிறது. முழங்கால், தொடை, இடுப்பு எல்லாம் தெரியாவிட்டால் அப்படி ஒன்று நடந்தது என்றே நம்ப முடியாது. ரஷ்ய அரச அரங்குக்கு நடனம் அமைத்த மாரியஸ் பெட்டிப்பாவின் பெரிய பாலேக்கள் சில இந்தக் காலத்தவை. குட்டை டுட்டு அவற்றோடு நிலைத்துவிட்டது.

இதில் ஒரு சுவையான கிளைக்கதை. 1901-ல் பீட்டர்ஸ்பர்க்கில் 'கமார்கோ' என்று, நாம் மேலே பார்த்த அதே மரி கமார்கோவின் பெயரில் ஒரு பாலே. காலத்துக்குப் பொருத்தமாக இடுப்பில் வளையச் சட்டம் வைத்துத்தான் ஆட வேண்டும் என்றார் அரங்க இயக்குநர் இளவரசர் வோல்கோன்ஸ்கி. நாயகி மத்தில்டா க்ஷெசின்ஸ்கா முடியாது என்று சட்டம் இல்லாமலே ஆடிவிட்டார். அபராதம் போட்டார்கள். அம்மையார் முன்பு ஜார் இரண்டாம் நிக்கோலஸின் காதலியாக இருந்தவர். விஷயம் மேலே போனது, அபராதம் ரத்தாயிற்று. இயக்குநர்தான் பதவியை விட்டுப் போக வேண்டி வந்தது.

பெண்களின் காலைப் பார்க்கத்தானே இதெல்லாம்? வேலை உடுப்பு என்று பூசி மெழுகலாமா?

நியாயமான கேள்வி. 19-ம் நூற்றாண்டுப் பாரிஸ் ஓபராவில் ஆண்டுச் சந்தா கட்டிய பணக்கார ஆண்களுக்கு நடனக்காரிகள் உடம்பைத் தளர்த்திப் பழகும் கூடத்துக்குள் நுழையும் உரிமை இருந்தது. 1875-ல் திறந்த பலே கார்னியே என்ற ஓபராவின் புதிய கட்டடத்தில் அதற்கென்றே கண்ணாடியும் தங்கப் பூச்சுமாக ஒரு கூடம் கட்டினார்கள். ஆட வந்த சிறுமிகள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். சம்பளம் வயிற்றுக்குப் போதாது. மீதிக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை.

எட்கார் டெகாவின் ஓவியங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். ரோஜா நிற, நீல நிற டுட்டுக்களின் கூட்டம். ஓரத்தில், பக்கத் திரைக்குப் பின்னால், கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஓர் ஆள். அவரை வெட்டிவிட்டுத்தான் காலண்டரில் அச்சடிக்கிறார்கள். டெகா 1881-ல் கண்காட்சிக்கு வைத்த 'பதினான்கு வயதுச் சின்ன நடனக்காரி' மெழுகுச் சிலைக்கு நிஜத் துணியில் டுட்டு உடுத்தியிருந்தார். மாதிரியாக நின்ற மரி வான் கோதெம் ஒரு சலவைத் தொழிலாளியின் மகள். சிலையைப் பார்த்த விமர்சகர்கள் சிறுமியைக் குரங்கோடு ஒப்பிட்டுத் திட்டினார்கள். அடுத்த ஆண்டு, வகுப்புகளுக்கு ஒழுங்காக வரவில்லை என்று ஓபரா அந்தப் பெண்ணை நீக்கிவிட்டது.

ஆக, இரண்டும் உண்மை. அரங்கில் உட்கார்ந்தவர் காலைப் பார்த்தார். மேடையில் நின்றவர் அந்தக் காலால் என்ன முடியும் என்பதைக் காட்டினார். கமார்கோ, சுக்கி, க்ஷெசின்ஸ்கா மூவரும் துணியைக் குறைத்தது யாரும் சொல்லி அல்ல. சொன்னதை மீறித்தான்.

கிளாசிக்கல் டுட்டுவை எப்படித் தைக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு ஆசையாகப் பதில் சொல்ல வரும்.

முதலில் ஜட்டி. அதன்மேல் கீழிருந்து மேலாகப் போக வேண்டும். தொடையை ஒட்டிய முதல் அடுக்கு சில சென்டிமீட்டர் அகலம்தான். அடுத்தது கொஞ்சம் அகலம். இப்படியே பத்துப் பன்னிரண்டு அடுக்கு. மேலே வருவது எல்லாவற்றையும்விட நீளம், அதைத்தான் 'தட்டு' என்பார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் நெட்டை நீளநீளப் பட்டையாக வெட்டி, ஓரத்தைப் பல்பல்லாகக் கத்தரித்து, நெருக்கிச் சுருக்கம் வைத்து, ஜட்டியில் கோடு போட்ட இடத்தில் தைக்க வேண்டும். அடியிலுள்ள குட்டை அடுக்குகள்தான் மேலே உள்ளதை முட்டுக் கொடுத்துத் தாங்குகின்றன. தட்டையாக நிற்க வேண்டுமென்றால் நடு அடுக்கு ஒன்றில் மெல்லிய எஃகுக் கம்பி வளையத்தைக் கோப்பார்கள்.

மெஷின் வேலை இத்தோடு சரி. இனி எல்லாம் கை. அடுக்குகளைப் பரப்பி நீராவி காட்டிப் படியவைத்து, மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்கையும் தளர்வான நூல்தையலால் அங்கங்கே பிடித்துவிடுவார்கள். இழுத்துத் தைத்தால் பாவாடை குழிந்துவிடும், விட்டுத் தைத்தால் அடுக்குகள் தனித்தனியாக ஆடும். கண் அளவுதான்.

மேல்பகுதியில் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். ஆடுகிறவர் மூச்சு வாங்குவார், கையைத் தலைக்கு மேல் தூக்குவார், முதுகை வளைப்பார். துணி இம்மியும் விலகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. முதுகில் ஜிப் வைப்பதில்லை. நடு ஆட்டத்தில் ஜிப் பிய்ந்தால் கதை முடிந்தது. அதனால் கொக்கிதான், அதுவும் இரண்டு மூன்று வரிசையாக வளையம் வைத்து. ஒரே டுட்டுவை இன்று ஒருவர், அடுத்த வாரம் இன்னொருவர் போடுவார். அவரவர் உடம்புக்கு ஏற்ற வரிசையில் மாட்டிக்கொள்ளலாம். உள்பட்டையில் போட்டவர்களின் பெயர்த்துணி ஒன்றன்கீழ் ஒன்றாகத் தைத்திருக்கும்.

கல்லும் ஜரிகையும் வைப்பது கடைசி வேலை. அதிலும் ஒரு விதி: ஆண் ஆடுநர் கை வைத்துத் தூக்கும் இடுப்புப் பகுதியில் கரடான எதையும் வைக்கக் கூடாது, கையைக் கிழித்துவிடும்.

ரவிக்கைத் தையலில் வரும் 'கிராஸ் கட்டிங்' இதிலும் உண்டா?

உண்டு, அதைப் பெரிதாகக் கொண்டுவந்தவர் பார்பரா கரின்ஸ்கா. கார்கிவில் 1886-ல் பிறந்து, பாரிஸ் வழியாக நியூயார்க் போய், நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சினின் நியூயார்க் சிட்டி பாலேவுக்கு நெடுங்காலம் உடை தைத்தவர். பக்கவாட்டுத் துண்டுகளைக் கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டினால் துணி தானே கொஞ்சம் இழுபடும், விலா விரியும்போது இறுக்காது. ரவிக்கை தைக்கும் நம்மவர்களுக்கு இது விளக்கமே வேண்டாத விஷயம்.

அவருடைய இன்னொரு கைவரிசை வளையத்தை ஒழித்தது. 1950-ல் 'சிம்பனி இன் சி' பாலேயில் கடைசிக் காட்சியில் மேடை முழுக்க டுட்டுக்கள். கம்பி வளையம் வைத்த தட்டுகள் ஒன்றோடொன்று இடித்து, ஒன்று ஆடினால் பக்கத்திலுள்ளதும் எம்பும். கரின்ஸ்கா அடுக்குகளை ஆறேழாகக் குறைத்து, ஓரங்களை ஒழுங்கில்லாமல் விட்டு, கம்பியே இல்லாமல் தானாக உப்பி நிற்கும் டுட்டுவைத் தைத்தார். 'பவுடர் பஃப்' என்று அதற்குப் பெயர். நடன இதழ்களில் நடனம் அமைத்தவருக்குக் கிடைக்கும் பாராட்டில் கால்வாசிகூடத் தைத்தவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

டுட்டுவைத் துவைப்பார்களா?

பொதுவாக இல்லை. தண்ணீர் பட்டால் நெட்டின் விறைப்புப் போய்விடும், கம்பி துருவேறும், கல் உதிரும். உடம்பில் படும் உட்துணியை மட்டும் துடைத்து, வோட்காவைத் தண்ணீரோடு கலந்து தெளித்துக் காயவிடுவார்கள். மது ஆவியாகும்போது வியர்வை நாற்றத்தையும் கொண்டுபோய்விடும். மேற்கத்திய உடையலங்கார அறைகளில் இது பழைய வைத்தியம். வைப்பதும் தலைகீழாகத்தான்: அடிப்பக்கம் மேலே வரும்படி தொங்கவிட்டால் அடுக்குகள் புவியீர்ப்பில் தொய்யாது.

கூட ஆடும் ஆணுக்கு இடைஞ்சலாக இருக்காதா?

இருக்கும். அவருக்குக் குனிந்து பார்த்தாலும் அவள் கால் தெரியாது. நடுவில் தட்டு மறைக்கிறது. அவள் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதைக் கையில் உணர்ந்துதான் பிடிக்க வேண்டும். கிட்டப் போனால் பாவாடையின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தூக்கிக்கொள்ளும், எட்டிப் போனால் பிடி போய்விடும். அதனால்தான் ஒத்திகைக்கென்று அலங்காரம் இல்லாத பழைய டுட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு பழகுவார்கள். உடம்போடு ஒட்டிய பயிற்சி உடையான லியோடார்டில் மட்டும் பழகிவிட்டு நேரே மேடைக்குப் போனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோதனைதான்.

ஆண்கள் டுட்டு அணிவதுண்டா?

1974-ல் நியூயார்க்கில் தொடங்கிய லே பாலே ட்ரொகடேரோ டி மான்டி கார்லோ முழுக்க ஆண்களின் குழு. டுட்டுவும் நுனிச் செருப்பும் போட்டு, பழைய பாலேக்களை நையாண்டி செய்வார்கள். சிரிக்கவைக்கிறார்கள் என்பதால் ஆட்டம் சுமார் என்று நினைக்க வேண்டாம், நுனியில் நிற்பது நிஜம். மாத்யூ போர்ன் 1995-ல் வேறு வழியில் போனார். அவருடைய 'ஸ்வான் லேக்'கில் அன்னங்கள் எல்லோரும் ஆண்கள், உடுப்பு இறகுபோல இழையிழையாகத் தொங்கும் முக்கால் கால்சட்டை. டுட்டுவை எடுத்துவிட்டதும் அன்னம் சாது என்கிற எண்ணமும் போய்விட்டது. நிஜ அன்னம் கொத்தும், துரத்தும்.

டுட்டு இல்லாமல் பாலே இல்லையா?

தாராளமாக உண்டு. நடன அமைப்பாளர் மிகையில் ஃபோக்கின் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, எகிப்தியக் கதைக்கும் கிரேக்கக் கதைக்கும் ஒரே டுட்டுவா என்று கேட்டுச் சண்டை போட்டார். பாலன்சின் 1950-களில் 'அகான்' போன்ற படைப்புகளைக் கறுப்பு வெள்ளைப் பயிற்சி உடையிலேயே மேடையேற்றினார். காலைக் காட்டத்தான் இத்தனை பாடு என்றால் மிச்சத் துணியும் எதற்கு என்ற கேள்வி அது. அப்புறமும் டுட்டு ஒழியவில்லை. வில்லியம் ஃபோர்சைத் 1996-ல் அமைத்த ஒரு குட்டிப் பாலேயில் எலுமிச்சைப் பச்சையில் இசைத்தட்டு போன்ற தட்டையான டுட்டுக்கள் வருகின்றன. சுழற்சி எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதை அந்த வட்டம் கண்ணுக்கு அளந்து காட்டுகிறது. உடம்பின் அச்சு ஒரு நூல் சாய்ந்தாலும் வட்டம் காட்டிக்கொடுத்துவிடும். டுட்டு இன்னும் நிலைத்திருப்பதற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான்.

ஏன் எப்போதும் இளஞ்சிவப்புக் காலுறை?

வெள்ளைத் தோலோடு இழைந்து, இடுப்பிலிருந்து விரல்நுனிவரை ஒரே கோடாகத் தெரியட்டும் என்று வந்த வழக்கம். கறுப்புத் தோலில் அதே இளஞ்சிவப்பு, கோட்டைப் பாதியில் வெட்டுகிறது. ஆர்தர் மிட்சலும் காரல் ஷூக்கும் 1969-ல் தொடங்கிய டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம், 1974-லிருந்து ஒவ்வொருவரின் தோல் நிறத்துக்கும் பொருந்தக் காலுறையையும் செருப்பையும் சாயமேற்றிப் போட்டது. லண்டனில் பெயர்பெற்ற செருப்புத் தயாரிப்பாளர் ஃப்ரீட், பழுப்பு நிற நுனிச் செருப்பைக் கடைக்குக் கொண்டுவந்தது 2018-ல். நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

நம்மூருக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டா?

டுட்டுவுக்கு நேரடியாக இல்லை, ஆனால் அதை உலகெங்கும் கொண்டுபோன ஒருவர் வழியாக உண்டு. 'இறக்கும் அன்னம்' ஆடிப் புகழ்பெற்ற அன்னா பாவ்லோவாவோடு 1920-களின் இறுதியில் ருக்மிணி தேவிக்குக் கப்பல் பயணத்தில் நட்பு ஏற்பட்டது. பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் அவர் பாலே கற்கத் தொடங்கினார். உன் நாட்டின் நடனத்தைத் தேடு என்று திருப்பிவிட்டவர் பாவ்லோவா. பிறகு சதிர் (பரதநாட்டியத்தின் பழைய பெயர்) பார்த்தது, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றது, 1935-ல் அடையாற்றில் ஆடியது, 1936-ல் கலாக்ஷேத்ரா எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. சதிரைப் பரம்பரையாக ஆடிவந்தவர்களுக்கு அதில் என்ன மிஞ்சியது என்ற விவாதமும் தெரிந்ததே.

ருக்மிணி தேவி ஆட்டத்துக்கென்று தைத்த உடையைக் கொண்டுவந்தார். அரைமண்டியில் உட்கார்ந்ததும் முன்னால் விரியும் விசிறி மடிப்பைப் பாருங்கள். முழங்கால் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

தெருவிலும் டுட்டு போடுகிறார்களே?

1998-ல் தொடங்கிய 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' தொடரின் முகப்பில் நாயகி வெள்ளை நெட் பாவாடையோடு நியூயார்க் தெருவில் நடந்துவருவார். மலிவுக் குவியலிலிருந்து உடையலங்காரர் பெட்ரிஷியா ஃபீல்ட் ஐந்து டாலருக்கு எடுத்தது அது. அதைப் பார்த்து ஒரு தலைமுறையே கல்லூரிக்கும் கல்யாணத்துக்கும் நெட் பாவாடை வாங்கியது. ஃபேஷனைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு ஆர்வமில்லை.

மகளைப் பாலே வகுப்பில் சேர்த்திருக்கிறேன். டுட்டு வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். தொடக்க வகுப்பில் ஆசிரியர் பார்ப்பது முழங்காலையும் இடுப்பையும். லியோடார்டும் காலுறையும் மெல்லிய செருப்பும் போதும். அதிகம் போனால் ஒரு சின்ன ஷிஃபான் பாவாடை. விறைப்பான டுட்டு மேடை நிகழ்ச்சிக்குத்தான், அதுவும் பெரும்பாலும் பள்ளியே வாடகைக்குத் தரும்.

ஆசைக்காக ஒரு நெட் பாவாடை வாங்கித் தந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைப்பது நைலானோ பாலியஸ்டரோதான். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிறந்தநாள் மெழுகுவத்தி, குத்துவிளக்கு, தீபாவளி மத்தாப்பு இருக்கும் இடத்தில் அதைக் கழற்றிவிட்டுப் பருத்தி ஃபிராக் எதையாவது மாட்டிவிடுங்கள்.